தார் பாலைவனத்தில் பாம்பு கடித்தால் ஏன் இன்னும் தாந்தி கட்டுகிறார்கள்?

வேலை மாற்றலாகி ஜெய்சால்மர் பக்கம் போகவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "அங்கே பாம்பு கடித்தால்கூட ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மந்திரித்துக் கயிறு கட்டப் போகிறார்களாமே, இந்தக் காலத்திலுமா? அதில் எதுவாவது பலிக்கிறதா, இல்லை எல்லாமே மூடநம்பிக்கைதானா?" மேற்கு ராஜஸ்தானில் சுகாதார வேலையாகப் பல வருடம் ஊர் ஊராக அலைந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கயிறு கட்டப் போகிறார்கள் என்பது உண்மை, அதற்குத் தாந்தி என்று பெயர். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் என்பது பாதி உண்மை. பெரும்பாலான வீடுகளில் இரண்டுக்கும் போகிறார்கள். எதற்கு முதலில் போகிறார்கள் என்பதில்தான் உயிர் தங்குவதும் போவதும் இருக்கிறது. மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒரு நோய்க்கு நிஜமான மருந்து கைக்கெட்டும் தூரத்தில் வந்து, அது வேலையும் செய்துவிட்டால், மந்திரம் சண்டை போடாமல் ஒதுங்கி ஒரு நேர்த்திக்கடனாகச் சுருங்கிவிடுவதை அங்கே பார்க்கலாம். மருந்து தூரத்தில் இருக்கும்வரை, அல்லது வந்த மருந்தே அரைகுறையாக இருக்கும்வரை, என்ன பிரசாரம் செய்தாலும் மந்திரம் அசையாது.

முதலில் தூரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெய்சால்மர் என்ற ஒரு மாவட்டத்தின் பரப்பு மட்டும் 38,401 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலம் முழுவதும் சேர்ந்தாலே இதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 2011 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் இருந்தவர்கள் 7 லட்சத்துக்கும் குறைவு. சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். அதிலும் பலர் ஊராகக் கூடி வாழ்வதில்லை. வயலுக்குள்ளேயே நாலைந்து குடிசை போட்டு, சுற்றி முள்வேலி கட்டி, டாணி என்று சொல்லப்படும் சிறு குடியிருப்புகளில் இருப்பார்கள். ஒரு டாணியிலிருந்து அடுத்த டாணி கண்ணுக்குத் தெரியும், ஆனால் மணலில் நடந்து போய்ச் சேர நேரமாகும். இப்போது சாலை வந்திருக்கிறது, போன் வந்திருக்கிறது, 108 வண்டி வருகிறது. என்றாலும் ராத்திரி இரண்டு மணிக்கு டாணியில் ஒருவரைப் பாம்பு கடித்தால், மணலைத் தாண்டித் தார்ச் சாலைக்கு வருவதற்கே அரைமணி நேரம் ஆகும் இடங்கள் ஏராளம். அந்த அரைமணி நேரத்தில் வீட்டார் சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்களா? எதையாவது செய்தே ஆக வேண்டும். அந்த நேரத்துக்குச் செய்ய ஒரு காரியம் கொடுப்பவர்கள்தான் கோகாஜியும் தேஜாஜியும்.

இரண்டு பேருமே அங்குள்ள நாட்டார் தெய்வங்கள். கோகாஜி சௌஹான் ராஜபுத்திர வீரர். பிறந்த ஊர் சூரு மாவட்டத்து தத்ரேவா. அடங்கிய இடம் ஹனுமான்கட் மாவட்டத்து கோகாமேடி. பிள்ளையில்லாத அவருடைய தாய் பாச்சலுக்கு கோரக்நாதர் குக்குல் பிசினைப் பிரசாதமாகக் கொடுத்தார், அதனால் பிறந்தவர் என்பது கதை. இந்துக்களுக்கு அவர் கோகாஜி, முஸ்லிம்களுக்கு ஜாஹிர் பீர். கோகாமேடியில் வருடத்தின் பெரும்பகுதி பூசை செய்பவர்கள் முஸ்லிம்கள். "ஊருக்கு ஊர் கேஜ்ரி, ஊருக்கு ஊர் கோகா" என்று மார்வாரில், அதாவது மேற்கு ராஜஸ்தானில், ஒரு சொலவடை உண்டு. கேஜ்ரி என்பது நம்மூர் வன்னி மரம். அதன் அடியில் ஒரு சின்ன மேடை, பாம்பு செதுக்கிய ஒரு கல், அவ்வளவுதான் கோயில்.

தேஜாஜி நாகௌர் மாவட்டம் கர்னால் ஊரைச் சேர்ந்த ஜாட் விவசாயி. அவர் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. மனைவியை அழைத்து வரப் போகும் வழியில், தீயில் மாட்டிக்கொண்ட ஒரு பாம்பைக் காப்பாற்றுகிறார். "என்னைச் சாகவிடாமல் தடுத்துவிட்டாயே, உன்னைக் கடிப்பேன்" என்கிறது பாம்பு. "போன காரியத்தை முடித்துவிட்டு நானே வருகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். போன இடத்தில் லாச்சா என்ற குஜ்ஜர் பெண்ணின் மாடுகளைக் கள்வர்கள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சண்டை போட்டு மாடுகளை மீட்கிறார், உடம்பெல்லாம் வெட்டுக்காயம். சொன்ன வாக்குப்படி பாம்பிடம் திரும்பி வருகிறார். "காயமில்லாத இடமே இல்லையே, எங்கே கடிப்பது?" என்று பாம்பு கேட்க, நாக்கை நீட்டுகிறார். அந்த வாக்குச் சுத்தத்துக்காகப் பாம்பு கொடுத்த வரம்தான், அவர் பெயரில் கயிறு கட்டியவனை விஷம் ஒன்றும் செய்யாது என்பது. குதிரைமேல் அமர்ந்த வீரன், அவன் நாக்கைக் கவ்வியபடி ஒரு பாம்பு: நாகௌர், அஜ்மீர் பக்கம் இந்தச் சிற்பத்தைத் தெருவுக்குத் தெரு காணலாம்.

அந்தக் கயிறுதான் தாந்தி. ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது என்றால், வீட்டில் மூத்தவர் கையில் கிடைத்த நூலை, சில நேரம் தலைப்பாகைத் துணியின் ஓரத்தைக் கிழித்து, தேஜாஜி பெயரைச் சொல்லிக் கட்டுவார். "காப்பாற்றிவிடு, தசமிக்கு வந்து தாந்தியை அறுக்கிறோம்" என்று வேண்டிக்கொள்வார்கள். பிறகு மேடைக்கு அழைத்துப் போவார்கள். அங்கே கோடலா என்று அழைக்கப்படும் பூசாரி இருப்பார். தேஜாஜி அவர்மேல் இறங்குவதாக நம்பிக்கை. மேளம் அடிக்க, அவர் உடம்பு நடுங்கும், மூச்சு வேகமாகும். கடிவாயில் வாய் வைத்து உறிஞ்சித் துப்புவார், வேப்பிலையால் அடிப்பார், சாம்பல் பூசுவார். சுற்றி நிற்கும் பெண்கள் பாடுவார்கள். கடிபட்டவரைத் தூங்கவிடவே மாட்டார்கள். பிழைத்தவர் பாத்ரபத மாத வளர்பிறை தசமியன்று, தேஜா தசமியன்று, மேடைக்கு வந்து கயிற்றை அறுத்துவிட்டு, தேங்காயும் வெல்லமும் வைத்துவிட்டுப் போவார்.

சரி, பலிக்கிறதா? பலமுறை பலிப்பதுபோலத்தான் தெரியும், அதில்தான் ஆபத்தே. கடித்த பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப் பாம்பே கடித்தாலும் எல்லாக் கடியிலும் விஷம் இறங்குவதில்லை. பாலைவனத்தில் அதிகம் கடிப்பது சுருட்டை விரியன். சின்னப் பாம்புதான், மணலோடு மணலாகக் கிடக்கும், பக்கவாட்டுச் செதில்களை உரசி அரம் தேய்ப்பதுபோல் சத்தம் போடும். அதன் கடியில் கொஞ்சமாக விஷம் இறங்கினவர்கள் பலர் வைத்தியமே இல்லாவிட்டாலும் பிழைத்துவிடுவார்கள். ஆக, மேடைக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி எப்படியும் எழுந்து நடக்கப் போகிறவர்கள். பிழைத்த ஒவ்வொருவரும் தசமிக்கு வந்து ஊரறியக் கயிறு அறுக்கிறார். செத்தவர் வந்து சாட்சி சொல்ல முடியாது. அவர் விஷயத்தில் "நேரம் கடந்துவிட்டது", "நேர்ந்ததைச் செய்யவில்லை" என்று ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கும். இப்படி நூறு வருடம் கணக்கு எழுதினால் எந்தத் தெய்வத்தின் பெயரும் நன்றாகத்தான் விளங்கும்.

உறிஞ்சி விஷத்தை எடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விஷம் திசுவுக்குள் போய்விடும். வாயில் வருவது இரத்தமும் நிணநீரும்தான். இறுக்கிக் கட்டுவதும் கூடாது. சுருட்டை விரியன் கடியில் ஏற்கெனவே வீங்கும் கை காலை இறுக்கினால் சதை அழுகிப்போக வழி செய்கிறோம். தளர்வாகக் கட்டின தாந்தி ஒரு கெடுதலும் செய்யாது. அதற்காகச் செலவழிக்கும் மணி நேரங்கள்தான் கொல்கின்றன.

இந்த நம்பிக்கைகளை வெறும் அறியாமை என்று தள்ள முடியாததற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பீவணா. தாரின் இந்தியப் பக்கத்திலும் பாகிஸ்தானின் சிந்துப் பக்கத்திலும் எந்தக் கிழவரைக் கேட்டாலும் இந்தப் பாம்பைப் பற்றிச் சொல்வார். இது கடிக்காதாம். ராத்திரி தரையில் தூங்குகிறவன் நெஞ்சின்மேல் ஏறி, அவன் மூச்சைக் குடித்துவிட்டு, வாய்க்குள் விஷத்தை விட்டுவிட்டுப் போய்விடுமாம். விடியும்போது அவனுக்குக் கண் திறக்காது, எச்சில் விழுங்க முடியாது, பேச்சுக் குழறும், வாயில் நுரை தள்ளும், பொழுது ஏற ஏற மூச்சு நின்றுவிடும். முதன்முதலில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. ஏனென்றால் மூச்சைக் குடிப்பதை மட்டும் நீக்கிவிட்டால், மருத்துவப் புத்தகத்தில் கட்டுவிரியன் கடிக்கு எழுதியிருக்கும் அறிகுறிகள் வரிக்கு வரி இவைதான்.

தாரில் இருப்பது சிந்துக் கட்டுவிரியன் என்ற இனம். ராத்திரியில் மட்டும் நடமாடும். தரையில் படுத்திருப்பவர்களின் பக்கத்தில் வந்து, அவர்கள் புரளும்போது கடித்துவிடும். பல் மிகச் சிறியது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது, பல முறை கடித்த தடமே தெரியாது. அதன் விஷம் நரம்பு முனைகளைப் பிடித்துக்கொள்வதால் இமை தொங்கும், தொண்டைத் தசை செயலிழக்கும், கடைசியில் மூச்சு விடும் தசையும் நின்றுவிடும். கடிவாய் இல்லை, மூச்சு நிற்கிறது என்றால் பார்க்கிறவர்கள் வேறு என்ன முடிவுக்கு வருவார்கள்? மூச்சைத்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்பார்கள். நோயாளியை நுணுக்கமாகக் கவனித்துச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள், காரணத்தில்தான் தவறியிருக்கிறார்கள். இதனால் விளைந்த கெடுதலும் உண்டு. கடிக்காத பாம்பு என்று நம்புவதால் கடியைத் தேடுவதில்லை. விஷம் தொண்டையில் இருக்கிறது என்று நம்புவதால் தொண்டைக்குள் கையை விடுகிறார்கள். இந்தக் கடிக்கு வேண்டியது விஷமுறிவு மருந்தும், அதைவிட முக்கியமாக, தசைகள் மீளும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிக்க ஒரு வென்டிலேட்டரும்தான். "பீவணா குடித்துவிட்டது" என்று யாராவது அழைத்து வந்தால், அந்த ஒரு சொல்லை வைத்தே அது கட்டுவிரியன் என்று ஒரு இளம் மருத்துவர் முடிவு செய்யலாம். அங்கே போகிற ஒவ்வொரு மருத்துவருக்கும் இந்தக் கதையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

இனி, மந்திரம் ஏன் அசையவில்லை என்பதற்கு வருகிறேன். இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவில் தயாராகும் பாம்பு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி எடுப்பது. அந்த விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இருளர்கள் பிடிப்பது நம் பக்கத்துப் பாம்புகள். தாரின் சுருட்டை விரியன் அதே இனத்தில் வேறு கிளை, உடம்பும் பெரியது, விஷத்தின் சேர்க்கையும் வேறு. கட்டுவிரியனோ வேறு இனமே. 2019-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, சந்தையில் கிடைக்கும் மருந்துகள் இந்த ராஜஸ்தான் சுருட்டை விரியனின் விஷத்தையும் சிந்துக் கட்டுவிரியனின் விஷத்தையும் சரியாக முறிக்கவில்லை என்று தெரிந்தது. ஜோத்பூர் பக்கம் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு இது முன்பே கண்கூடு. குப்பி குப்பியாக மருந்து ஏற்றியும் இரத்தம் உறையாமல் நாள் கணக்கில் கிடப்பவர்களை அவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இதை டாணியில் இருக்கிறவர் எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கடன் வாங்கி, ஜீப் பிடித்து, ஐம்பது அறுபது கிலோமீட்டர் போய், ஊசி போட்டும் ஈறில் இரத்தம் கசிவது நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கயிறு கட்டி மறுநாள் எழுந்து ஆடு மேய்க்கப் போனார். அவருக்குக் கடித்தது வேறு பாம்பு என்பது இவருக்குத் தெரியாது. இவர் எதை நம்புவார்? இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவர்களில் எத்தனையோ பேர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்கள். அவர்களைத் திட்டுவதற்கு முன்னால், அவர்கள் மண்ணின் பாம்புக்கு ஏற்ற மருந்தை முதலில் செய்து கொடுக்க வேண்டும். இதில் எனக்கு ஆத்திரம் உண்டு, மறைக்கவில்லை.

நிஜ மருந்து வந்தால் மந்திரம் ஒதுங்கும் என்று சொன்னேன் அல்லவா, அதற்குச் சான்றும் அதே தேஜாஜியிடமே இருக்கிறது. அவரைக் "காலா, பாலா தெய்வம்" என்பார்கள். காலா பாம்பு, பாலா நாரு. நாரு என்பது நம் முன்னோர் நரம்புச் சிலந்தி என்று சொன்ன நோய். தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்ததுதான். படியிறங்கித் தண்ணீர் எடுக்கும் கிணறுகளில் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் பூச்சி இருக்கும், அதற்குள் புழுவின் குஞ்சு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் சுமார் ஒரு வருடம் கழித்து, பெரும்பாலும் காலில், ஒரு கொப்புளம் எழும்பும். நெருப்பு வைத்ததுபோல எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் கொப்புளம் உடைந்து வெள்ளை நூல்போல் புழு தலைகாட்டும், லட்சக்கணக்கில் குஞ்சுகளை அதே தண்ணீரில் விட்டுவிடும். முழு நீளம் இரண்டு, மூன்று அடி இருக்கும். இழுத்தால் அறுந்து உள்ளே சீழ் பிடிக்கும். எனவே ஒரு குச்சியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி வாரக்கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். விதைப்பு நேரத்தில் வீட்டில் நாலு பேர் இப்படிக் குச்சியும் கையுமாகப் படுத்துவிட்டால் அந்த வருடம் கம்பு விளைச்சல் அவ்வளவுதான்.

இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. அதனால் தேஜாஜிக்கு நேர்ந்துகொண்டார்கள், தாந்தி கட்டினார்கள். 1980களின் தொடக்கத்தில் அரசு ஒழிப்புத் திட்டம் ஆரம்பித்தது. படிக்கிணறுகளில் படியை அடைத்து வாளி விட்டு இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள், கை பம்பு போட்டார்கள், நெருக்கமான துணியில் தண்ணீரை வடிகட்டக் கொடுத்தார்கள், கிணற்றில் மருந்து கலந்தார்கள். 1984-ல் நாடு முழுக்கச் சுமார் 40,000 பேருக்கு இருந்த நோய், 1996 ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் ஒருவரோடு முடிந்தது. 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் நாரு இல்லை என்று சான்று கொடுத்துவிட்டது. எந்த மேடையையும் இடிக்கவில்லை, எந்தக் கோடலாவையும் யாரும் தடுக்கவில்லை. இன்று தேஜாஜி மேடையில் போய் நாருவுக்குக் கயிறு கட்டுவார்களா என்று கேட்டால் இளைஞர்களுக்கு நாரு என்றால் என்னவென்றே தெரியாது. தெய்வத்தின் பாதி வேலையைத் துணி வடிகட்டி எடுத்துக்கொண்டது. தெய்வத்துக்கு அதில் ஒரு குறையும் வரவில்லை. தேஜா தசமிக் கூட்டம் குறையவே இல்லை.

அம்மை நோயிலும் இதுதான். சீதலா மாதாவுக்கு ஹோலி கழிந்த எட்டாம் நாள், முந்தின ராத்திரியே சமைத்து ஆறவைத்த உணவைப் படைத்து, அன்று அடுப்பே மூட்டாமல் சாப்பிடுவார்கள். பெரியம்மை 1975-லேயே நாட்டைவிட்டுப் போய்விட்டது. ஆறின கம்பங்கூழும் தயிரும் மட்டும் ஒவ்வொரு வருடமும் தவறாமல் வருகிறது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பாபுஜி விஷயம் கொஞ்சம் வேறு. பலோடி பக்கம் கோலு என்ற ஊரின் ரத்தோர் வீரர் அவர், ஒட்டகங்களைக் காக்கும் தெய்வம். மார்வாருக்கு முதலில் ஒட்டகம் கொண்டு வந்தவரே அவர்தான் என்கிறது கதை. எங்கிருந்து தெரியுமா? லங்கையிலிருந்து, ராவணனிடமிருந்து! அண்ணன் மகள் கேலத்துக்கும் நாம் பார்த்த அதே கோகாஜிக்கும் நடந்த கல்யாணத்தில், சீர் வரிசையாக லங்கையின் பெண் ஒட்டகங்களைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஒட்டகம் மேய்க்கும் ராய்க்கா மக்கள் இன்றும் அவரைத் தங்கள் வீட்டுப் பெரியவர்போலப் பேசுவார்கள்.

ஒட்டகத்துக்கு நோய் வந்தால், அல்லது குழந்தை தேறாமல் கிடந்தால், நாயக் சாதியைச் சேர்ந்த போப்பா என்ற பூசாரிப் பாடகரை அழைத்து 'பட்' வாசிக்கச் சொல்வார்கள். பட் என்பது சுமார் 15 அடி நீளத் துணி. அதில் பாபுஜியின் கதை முழுவதும் சிவப்பும் ஆரஞ்சும் பச்சையுமாகத் தீட்டப்பட்டிருக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் அதை விரிப்பார்கள், விரித்ததும் அந்த இடமே கோயில். போப்பா காலில் சலங்கை கட்டி, ராவண்ஹத்தா என்ற தேங்காய்க் கொட்டாங்குச்சி வாத்தியத்தை இழைத்துக்கொண்டே பாடுவார். அவர் மனைவி எண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடித்து, பாடும் காட்சி துணியில் எங்கே இருக்கிறதோ அங்கே வெளிச்சம் காட்டுவார். இருட்டில் ஒரு குதிரை, ஒரு வாள், ஒரு கூட்டம் ஒட்டகம் என்று ஒவ்வொன்றாக எழுந்து மறையும். இடையிடையே தேநீர் வரும், காணிக்கை வைத்தவர் பெயரைச் சொல்லிச் சங்கு ஊதுவார். நோய்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் தாய்க்கு ஊரே கூட இருக்கிறது. அந்த ஒட்டகம் பிழைத்ததா என்பது எனக்குத் தெரிந்தவரை பாட்டைப் பொறுத்ததில்லை. பாட்டைத் தவிர ராய்க்காக்கள் வேறு வைத்தியமும் செய்வார்கள், சொறிக்குத் தாராமீரா எண்ணெயும் கந்தகமும் பூசுவதுபோல. ஆனால் அந்த ராத்திரியை வெறும் வீண் என்று சொல்ல என்னால் முடியாது. கந்தலான பட் துணியை வீசி எறிய மாட்டார்கள், சாந்தி செய்து புஷ்கர் ஏரியில் விடுவார்கள். இந்தச் சடங்கை மருந்து வந்து ஒதுக்கவில்லை, ஒட்டகமே குறைந்துவிட்டது. 1970களில் நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் சுமார் 2.5 லட்சம்தான்.

மூலிகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பேய்க்குமட்டிக் காய்க்குள் ஓமமும் உப்பும் அடைத்துக் காயவைத்து வயிற்று வலிக்குக் கொடுப்பது, மூட்டு வலிக்குக் கற்றாழைக் கறி, இவையெல்லாம் வீட்டுக்கு வீடு உண்டு. குக்குல் மட்டும் தனிக் கதை. கோகாஜியின் பிறப்புக்கே காரணமான அந்தப் பிசினைப் புகைக்காத மேடை கிடையாது. 1980களில் அதிலிருந்து கொழுப்பைக் குறைக்கும் மருந்தென்று ஒன்றை இந்தியாவில் விற்பனைக்கு விட்டார்கள். 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு முறையான சோதனையில், கெட்ட கொழுப்பு குறைவதற்குப் பதில் கொஞ்சம் கூடத்தான் செய்தது. இதற்கிடையில் பிசினுக்காகத் தண்டைக் கீறிக் கீறி, பாலைவனத்துக் குக்குல் புதர் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. பூசைக்குப் புகைத்தவர்களால் அது அழியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கண் திருஷ்டிக்குக் கடுகும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவதைப் பற்றியெல்லாம் நான் கவலைப்படுவதே இல்லை, என் அம்மாவும் அதைத்தான் செய்தார்.

கவலைப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று டாம். கைக்குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளே இழுக்கும். "விலா ஓடுகிறது" என்பார்கள். கவனித்தது சரிதான், கடுமையான நிமோனியாவுக்கு மருத்துவர் பார்க்கும் அடையாளமே அது. ஆனால் அதற்கு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அந்த விலாவிலேயே சூடு வைப்பார்கள். அழுகையில் மூச்சு வேகமாக ஓடுவதைப் பார்த்து நோய் கலைகிறது என்று நினைப்பார்கள். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கும் இரண்டு மாதக் குழந்தையின் நெஞ்சில் புண்ணும் சேர்ந்துகொள்ளும். பாலைவனத்தைவிட பில்வாரா, ராஜ்சமந்த் பக்கம் அதிகம், மார்வாரிலும் உண்டு. போலீஸ் வழக்கும் போடுகிறார்கள். இங்கே நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். வழக்குப் பயத்தில் சூடு வைத்த குழந்தையை ஆஸ்பத்திரிக்கே கொண்டு வராமல் ஒளிப்பதும் நடக்கும் என்பதால், முதலில் குழந்தையைக் காப்பாற்றிவிட்டு மற்றதைப் பேச வேண்டும்.

இன்னொன்று டாகன், அதாவது சூனியக்காரி என்று ஒரு பெண்ணுக்குப் பட்டம் கட்டுவது. குழந்தை செத்தது, எருமை பால் மறத்தது, எல்லாவற்றுக்கும் காரணம் இவள் பார்வை என்று போப்பா ஒருவர் சாமியாடிச் சொன்னால் போதும். விசாரித்துப் பார்த்தால் அந்தப் பெண் பெரும்பாலும் விதவையாக இருப்பாள், அவள் பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கும். தெற்கு ராஜஸ்தானில் அப்போதிருந்த மேவார் சமஸ்தானம் 1853-லேயே இதைத் தடை செய்தது. அதற்கு 162 வருடம் கழித்து, 2015-ல், ராஜஸ்தான் அரசு இதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது வைத்தியமும் இல்லை, பக்தியும் இல்லை. தாந்தியையும் இதையும் ஒரே தட்டில் வைத்து எல்லாமே மந்திரம் என்று பேசுகிறவர்கள், தாந்தி கட்டுகிறவருக்கும் பட்டம் சுமக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே அநியாயம் செய்கிறார்கள்.

கடைசியாக, நீங்கள் அங்கே போவதால் சொல்கிறேன். தரையில் படுக்காதீர்கள், கட்டிலில் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள், பீவணாவுக்கு அதைவிட நல்ல தடுப்பு கிடையாது. ராத்திரி டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்காதீர்கள். போன முதல் வாரத்திலேயே, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கின்றன என்று விசாரித்து, போகிற வழியையும் வண்டிக்காரர் எண்ணையும் எழுதி வையுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல் கிளம்பிவிடுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் சுருட்டை விரியன் அல்லது கண்ணாடி விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்குப் பெரிய லேப் வேண்டாம், செய்யச் சொல்லிக் கேளுங்கள். கூட வருகிற பெரியவர் வழியில் ஒரு நூலை எடுத்து தேஜாஜி பெயரைச் சொல்லிக் கட்டினால் தடுக்காதீர்கள், தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். மேடையில் இறங்கிவிட்டுப் போகலாம் என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள். கயிற்றைக் கட்டியதும் "வண்டியில் ஏற்று, மீதியைத் தேஜாஜி ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அனுப்பும் கோடலாக்களை நாகௌர் பக்கம் நானே பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர்க் கோடலா அப்படிப்பட்டவர்தானா என்று தெரிந்துகொள்ள, போனதும் ஒருநாள் அவரிடம் போய் ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.